கிரகணமும் கருஞ்சீரகமும்

(சங்கத்தின் பொன்விழாக் கருத்தரங்கில், ‘அறிவியலும் நம்பிக்கையும்’ என்னும் தலைப்பில் இளைஞர் பிரிவின் சார்பாக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



 

இந்தத் தலைப்பில் பேச வேண்டும் என்று செயலாளர் அழைத்தபோது முதலில் தயங்கினோம். மார்க்கம் பேச ஆலிம்கள் இருக்கிறார்கள். அறிவியல் பேச நம் சங்கத்திலேயே மருத்துவர்களும் பொறியாளர்களும் இருக்கிறார்கள். நாங்கள் வியாபாரிகள். பேரீச்சம்பழம், தேன், அத்தர், தொழுகை விரிப்பு, கருஞ்சீரக எண்ணெய் விற்கும் கடையை அண்ணனும் தம்பியுமாக நடத்தி வருகிறோம். இருவரும் பலதுறைத் தொழிற்கல்லூரியில் படித்து டிப்ளோமா வாங்கியவர்கள், அவ்வளவுதான். ஆனால் செயலாளர் விடவில்லை. “உங்க கடையில நடந்ததைச் சொல்லுங்க, அது போதும்” என்றார். மேடையில் நிற்பவர் ஒருவரானாலும், சொல்லப்போவது எங்கள் இருவருக்கும் நேர்ந்தது. ஆகவே ‘நாங்கள்’ என்றே பேசுகிறோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பாட்டனார் புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து நாகப்பட்டினம் வந்து, ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூர் வந்தவர். இங்குள்ள பல குடும்பங்களின் கதையும் அதுதான். அவர்களுக்கு முன்னும் நம்மவர்கள் பாய்மரக் கப்பல்களில் வந்தார்கள். அப்படி வந்தவர்கள் கட்டியதுதான் தெலுக் ஆயர் தெருவில் நிற்கும் நாகூர் தர்கா. 1828 முதல் 1830 வரை கட்டப்பட்டது. அந்தத் தெரு அன்று கடற்கரை. கடலைத் தாண்டி உயிரோடு கரை சேர்ந்தவர்கள், இறங்கிய இடத்திலேயே நன்றியைக் கட்டடமாக எழுப்பினார்கள்.

அந்த மாலுமிகளை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். நட்சத்திரம் பார்த்துத் திசை அறிந்தார்கள். காற்றின் பருவம் அறிந்து பாய் விரித்தார்கள். புயல் வந்தபோது கையேந்தி அழுதார்கள். துஆ கேட்டோமே என்று ஒருவரும் சுக்கானை விட்டுவிடவில்லை. சுக்கான் கையில் இருக்கிறதே என்று துஆவையும் விடவில்லை. நேர்த்திக்கடன் கூடுமா கூடாதா என்ற வழக்கு நமக்குள் உண்டு. அது ஆலிம்கள் பேச வேண்டியது, அதற்குள் நாங்கள் போகவில்லை. சுக்கானும் துஆவும் ஒரே கையில் இருந்தன என்பதை மட்டும் சொல்லிவிட்டு எங்கள் வீட்டுக்கு வருகிறோம்.

எங்கள் நன்னிமா, அதாவது அத்தாவைப் பெற்றவர்கள், தண்ணீர் ஓதிக் கொடுப்பார்கள். சுபுஹுத் தொழுகை முடிந்ததும் ஒரு பித்தளைக் குவளையில் தண்ணீர் எடுத்து, ஃபாத்திஹா சூராவும் இன்னும் சில ஆயத்துகளும் ஓதி ஊதுவார்கள். காய்ச்சல் என்றால் அந்தத் தண்ணீர், பரீட்சை என்றால் அந்தத் தண்ணீர். தேசியச் சேவைக்குப் போன முதல் நாளும் அதே தண்ணீரைக் குடித்துவிட்டுத்தான் போனோம்.

தொழிற்கல்லூரியில் வேதியியல் ஆய்வுக்கூடம் கிடைத்ததும் எங்களுக்குத் தலை கொஞ்சம் வீங்கியது. ஒரு நாள் அந்தத் தண்ணீரைப் பாட்டிலில் எடுத்துக்கொண்டு போனோம். அமிலத்தன்மை பார்த்தோம். மின்கடத்தும் திறன் பார்த்தோம். குழாய்த் தண்ணீரோடு வைத்து ஒப்பிட்டோம். இரண்டுக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. இரவு வீட்டுக்கு வந்து, முடிவுகளை எழுதிய தாளை நன்னிமா முன்னால் விரித்து, “பாருங்க, இது வெறும் குழாய்த் தண்ணிதான்” என்றோம்.

நன்னிமா கோபப்படவில்லை. “குழாய்ல பிடிச்ச தண்ணி, குழாய்த் தண்ணியாத்தானே இருக்கும்? அதுல மருந்து இருக்குன்னு உங்ககிட்ட எப்பச் சொன்னேன்? உங்களுக்காக அல்லாஹ்கிட்ட கேட்டிருக்கேன், அது உங்களுக்குத் தெரியட்டும்னு கொடுக்கறேன்” என்றார்கள். எங்களிடம் பதில் இல்லை. ஆனாலும் வென்றுவிட்டதாகவே நினைத்துக்கொண்டோம். நண்பர்களிடம் அதைச் சொல்லிச் சிரிக்கவும் செய்தோம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவோம்.

2019 டிசம்பர் 26, வியாழக்கிழமை. அன்று சிங்கப்பூரில் வளையச் சூரிய கிரகணம் தெரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நடுப்பகல் தாண்டி, 1 மணி 20 நிமிடத்தை ஒட்டி, சூரியன் நெருப்பு வளையம் போல ஆனது. அந்த நிழல் வந்த வழி வியப்பானது. காலையில் சவூதி அரேபியாவில் தொடங்கி, ஓமான் தாண்டி, கோவை, திண்டுக்கல், திருச்சி, புதுக்கோட்டை வழியாக இலங்கையின் வடக்கைத் தொட்டு, கடலைக் கடந்து இங்கே வந்தது. நம் முன்னோர் பல தலைமுறையில் வந்த வழியை அது சில மணி நேரத்தில் கடந்துவிட்டது.

எங்கள் வீட்டில் அன்று இரண்டு கட்சி. தங்கை கர்ப்பமாக இருந்தாள். வெளியே வரக் கூடாது, கத்தி எடுக்கக் கூடாது, காய் நறுக்கக் கூடாது என்று வீட்டுப் பெண்கள் அவளை அறைக்குள் வைத்துவிட்டார்கள். நாங்கள் கிரகணக் கண்ணாடியோடு கடை வாசலில் நின்றோம். மரத்தடியில் இலை இடுக்கு வழியாக விழுந்த வெளிச்சம் நூற்றுக்கணக்கான சின்னச் சின்னப் பிறைகளாகத் தரையெல்லாம் சிதறிக் கிடந்தது. பள்ளிவாசலில் கிரகணத் தொழுகை நடந்தது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போய்த் தொழுதோம்.

தொழுகைக்குப் பிறகு இமாம் சொன்ன செய்தி எங்கள் மனத்தைப் பிடித்துக்கொண்டது. பலரும் அறிந்த ஹதீஸ்தான். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் மகனார் இப்ராஹீம் பால்குடிப் பருவத்திலேயே இறந்துபோனார். அன்றே சூரிய கிரகணம் பிடித்தது. பெரிய மனிதர்களின் இறப்புக்காகவே கிரகணம் பிடிக்கிறது என்பது அறியாமைக் காலத்து அரபிகளின் நம்பிக்கை. ஆகவே நபியின் மகனுக்காக வானமே துக்கம் காக்கிறது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். வானியலாளர்கள் பின்னோக்கிக் கணக்கிட்டு, கி.பி. 632 ஜனவரி 27 அன்று நிகழ்ந்த கிரகணமே அது என்கிறார்கள்.

சகோதரர்களே, அந்த நேரத்தை எண்ணிப் பாருங்கள். பிள்ளையை இழந்த தகப்பனாரின் துக்கம் ஒரு பக்கம். அவரை உயர்த்திப் பேசும் மக்கள் மறுபக்கம். அந்தப் பேச்சு அவருடைய பெருமையைக் கூட்டக்கூடியது. வாயே திறக்காமல் இருந்திருந்தாலும் அது தானாகப் பரவியிருக்கும். ஆனால் அவர்கள் எழுந்து நின்று, சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் உள்ளவை, யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று அறிவித்தார்கள். அதே வாயால், கிரகணத்தைக் கண்டால் தொழுங்கள், துஆ கேளுங்கள் என்றும் சொன்னார்கள். தமக்குச் சாதகமான பொய்யை மறுத்தார்கள். வணக்கத்தை விடவில்லை.

அதன்பிறகு கொஞ்சம் படித்துப் பார்த்தோம். இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் 900 ஆண்டுகளுக்கும் முன்பே இதே கிரகணத்தை எடுத்துக்காட்டாக வைத்து எழுதியிருக்கிறார்கள். தத்துவவாதிகளை மறுத்து எழுதிய நூலின் முன்னுரையிலேயே அது வருகிறது. கிரகணக் கணக்கு ஐயமற நிறுவப்பட்டது, மார்க்கத்தின் பெயரால் அதை மறுப்பவர் மார்க்கத்துக்கே தீங்கு செய்கிறார் என்பது அவர்கள் கருத்து. கணக்கை அறிந்தவன் கணக்கைச் சந்தேகிக்க மாட்டான், மார்க்கத்தைத்தான் சந்தேகிப்பான் என்கிறார்கள். இன்றைய நம் பிள்ளைகளுக்காக எழுதியது போலவே இருக்கிறது.

இப்னு ஹைதம் என்ற பேரறிஞர் பஸராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்தவர், ஒளியியலின் முன்னோடி. சிறு துளை வழியாக விழும் கிரகணச் சூரியனின் வெளிச்சம் ஏன் பிறை வடிவம் எடுக்கிறது என்று தனியாக ஒரு நூலே எழுதினார். கடை வாசலில் மரத்தடியில் நாங்கள் பார்த்த அதே பிறைகளைத்தான் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அவர் ஆராய்ந்திருக்கிறார். தாலமியின் வானியலைக் கேள்விக்குட்படுத்தும் நூல் ஒன்றும் அவருடையது. உண்மையைத் தேடுபவன் முன்னோர் எழுதியதை அப்படியே நம்பிவிடாமல் சோதிக்க வேண்டும், சோதிக்கும்போது தன்னையும் சந்தேகிக்க வேண்டும் என்று அதில் அறிவுறுத்துகிறார்.

தன்னையும் சந்தேகிக்க வேண்டும்! இதைப் படித்தபோது நல்ல கருத்து என்று தலையாட்டினோம். அதன் பொருள் எங்களுக்கு விளங்கியது அடுத்த ஆண்டுதான்.

2020 ஜனவரியில் நன்னிமா மவுத்தானார்கள். மார்ச் 13 முதல் பள்ளிவாசல்கள் மூடப்பட்டன. ஏப்ரல் 7 முதல் ஜூன் 1 வரை நாடே வீட்டுக்குள் இருந்தது. கடையில் ஆள் நடமாட்டம் இல்லை, வாடகை மட்டும் நிற்கவில்லை. இணையத்தில் விற்கத் தொடங்கினோம். நோய் எதிர்ப்புச் சக்தி என்று மக்கள் எதை எதையோ தேடிக்கொண்டிருந்த நேரம் அது. கருஞ்சீரக எண்ணெய் நன்றாக ஓடியது. இன்னும் ஓட வேண்டும் என்று புது லேபிள் அடித்தோம். அதில் நாங்கள் எழுதிய வாசகம் இது: “சர்க்கரைக்கும் ரத்தக்கொதிப்புக்கும் முழுத் தீர்வு. மாத்திரைக்கு மாற்று.”

யாரும் எங்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த ஆய்வையும் பார்த்து எழுதவில்லை. விற்கும் என்று தோன்றியது, எழுதினோம். நன்னிமாவின் குவளைத் தண்ணீரை ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுபோன அதே கைகள்தான், இந்த லேபிளைச் சோதிக்காமல் ஒட்டின.

எங்கள் அத்தாவுக்கு இருபது ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். பரிசோதனைக்குப் போவது அந்தக் காலத்தில் தள்ளித் தள்ளிப் போனது. இரண்டு பாட்டில் எண்ணெயைக் கடையிலிருந்து எடுத்துப் போனார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். எங்களிடம் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஆகஸ்ட் மாதம் காலில் ஒரு புண். செருப்பு கடித்தது என்றார்கள். அது ஆறவில்லை.

இடையில் ஒருவர் வீட்டுக்கு வந்து, இது செய்வினை, கடைக்கும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள், எடுக்க இவ்வளவு செலவாகும் என்று தொகை சொன்னார். படித்த பிள்ளைகளாகிய எங்களுக்கு வந்ததே கோபம்! மூடநம்பிக்கை என்று சத்தம் போட்டு அவரை அனுப்பிவிட்டோம். அனுப்பியது சரிதான். ஆனால் அதே அறையில், மேசை மேல், எங்கள் லேபிள் ஒட்டிய பாட்டில் இருந்தது. அது எங்கள் கண்ணில் படவில்லை.

புண் கறுத்த பிறகுதான் மருத்துவமனைக்குப் போனோம். எச்பிஏ1சி என்ற ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். ரத்தச் சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழும், அதில் ஒட்டியிருக்கும் சர்க்கரையைப் பார்த்தால் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி தெரிந்துவிடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். 6.5-க்கு மேல் போனாலே சர்க்கரை நோய். அத்தாவுக்கு 11-ஐத் தாண்டியிருந்தது. வலது காலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள்.

மாத்திரை நின்ற செய்தி அன்றுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஏன் அத்தா நிறுத்தினீர்கள் என்று கேட்டோம். கட்டிலில் படுத்தபடியே மெதுவாகச் சொன்னார்கள்: “நீங்கதானே எழுதியிருந்தீங்க. படிச்ச பிள்ளைங்க, சோதிச்சுப் பார்க்காமலா எழுதியிருப்பீங்கன்னு நினைச்சேன்.”

எங்களைக் குற்றம் சொல்லும் குரல் அல்ல அது. உண்மையிலேயே அப்படித்தான் நம்பியிருந்தார்கள். அதுதான் தாங்கவில்லை.

அம்மா இன்னொன்றையும் சொன்னார்கள். நன்னிமா இருந்தவரை, தினமும் காலையில் அந்தப் பித்தளைக் குவளையை அத்தா கையில் கொடுத்துவிட்டு, பக்கத்திலேயே நிற்பார்களாம். “மாத்திரையைப் போட்டுட்டுக் குடி” என்பார்களாம். ஓதிய தண்ணீரில்தான் அத்தா இத்தனை ஆண்டுகளும் மாத்திரை விழுங்கியிருக்கிறார்கள். மாத்திரை தொண்டையில் இறங்கும் வரை நன்னிமா நகர மாட்டார்களாம். நன்னிமா போன பிறகு குவளை அலமாரிக்குப் போனது. மாத்திரையும் போனது.

நாங்கள் கேலி செய்த குவளைதான் அத்தாவை மருந்து சாப்பிட வைத்திருக்கிறது. அறிவியல் படித்த நாங்கள் ஒட்டிய லேபிள்தான் அதை நிறுத்த வைத்திருக்கிறது.

பெரியோர்களே, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஓதிய தண்ணீர் சர்க்கரையைக் குணப்படுத்தும் என்று இங்கே நாங்கள் சொல்லவில்லை. நன்னிமாவும் அப்படிச் சொன்னதில்லை. நாங்கள் கற்றது வேறு.

மலக்குகள், மறுமை, துஆ கபூலாவது, இவையெல்லாம் மறைவானவை. எங்கள் கடைத் தராசில் வைக்க முடியாதவை, வைக்க வேண்டிய அவசியமும் இல்லாதவை. அவற்றை ஈமான் கொள்வதால் அறிவியலுக்கு ஒரு நட்டமும் இல்லை. ஆனால் ‘இதைக் குடித்தால் சர்க்கரை தீரும்’ என்பது மறைவான செய்தி அல்ல. அது ரத்தத்தில் ஓடும் செய்தி. மூன்று மாதத்தில் எண்ணாக வெளியே வந்துவிடும் செய்தி. தராசுக்கு வரக்கூடியதைத் தராசில் வைத்தே ஆக வேண்டும். அதற்கு மார்க்கச் சாயம் பூசித் தராசிலிருந்து தப்ப வைப்பது மார்க்கத்துக்கும் துரோகம், வாடிக்கையாளருக்கும் துரோகம். அளவிலும் நிறுவையிலும் மோசம் செய்வோரை மார்க்கம் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்று இங்கே சொல்லத் தேவையில்லை. கிராமில் குறைத்தால்தான் மோசடியா? சொல்லில் கூட்டினாலும் மோசடிதான்.

கருஞ்சீரகம் பற்றிய ஹதீஸை மறுக்க எங்களுக்குத் தகுதியும் இல்லை, எண்ணமும் இல்லை. பின்னர் ஓர் ஆலிமிடம் போய் உட்கார்ந்து கேட்டோம். அதில் ‘எல்லா நோய்’ என்று பொதுவாக வந்தாலும், அது பொருந்தும் நோய்களையே குறிக்கும் என்று இமாம் கத்தாபி போன்ற விரிவுரையாளர்கள் விளக்கியிருப்பதை எடுத்துச் சொன்னார். மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கேட்ட கிராமத்து அரபிகளிடம், செய்துகொள்ளுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொன்னதையும் நினைவூட்டினார். மாத்திரையை நிறுத்தச் சொன்னது ஹதீஸ் அல்ல. எங்கள் லேபிள்தான்.

இளைஞர்களுக்கும் ஒரு வார்த்தை. கேள்வி கேட்பது நல்ல பழக்கம். ஒரு ஹதீஸை ஏற்பதற்கு முன் அறிவிப்பாளர் ஒவ்வொருவரின் நேர்மையையும் நினைவாற்றலையும் துருவித் துருவிப் பார்த்த சமுதாயம் நம்முடையது. ஆனால் சந்தேகம் என்பது பாட்டியின் குவளையை நோக்கி மட்டும் நீளும் விரலாக இருந்தால், அது அறிவியல் அல்ல, கர்வம். நமக்கு லாபம் தரும் பேச்சை, நமக்குப் பெருமை தரும் பேச்சை, நம் கட்சிக்குச் சாதகமான பேச்சை முதலில் சந்தேகிக்க வேண்டும். பிள்ளையை இழந்த அன்றும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதைத்தான் செய்து காட்டினார்கள்.

லேபிள் அடித்த அந்த வாரமே எண்ணெயைக் குடித்தவர்கள் எத்தனை பேர் என்று எங்களுக்குத் தெரியாது. விற்ற முகவரிகள் கணக்கில் இருந்தன. ஒவ்வொருவரையும் அழைத்து, நாங்கள் எழுதியது தவறு, மாத்திரையை நிறுத்தியிருந்தால் உடனே மருத்துவரைப் பாருங்கள் என்று சொன்னோம். சிலர் திட்டினார்கள். சிலர் பணம் கேட்டார்கள், கொடுத்தோம். ஒரு மூதாட்டி, “அப்ப நானும் நிறுத்தினது தப்பாப்பா?” என்று கேட்டார். அந்தக் குரல் இன்றும் காதில் இருக்கிறது. எண்ணெயை இப்போதும் விற்கிறோம், எண்ணெய் என்று சொல்லித்தான் விற்கிறோம்.

நிறைவாகச் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள். ஒன்று, ஆண்டுதோறும் நாம் நடத்தும் உடல்நல முகாமில் மருத்துவரும் ஆலிமும் ஒரே மேடையில் அமர வேண்டும். ரமலானில் நோன்பு வைக்கும் சர்க்கரை நோயாளிக்கு இருவருமே தேவை. இரண்டு, நம் கடைக்காரர்கள் ஒன்றுகூடி, நோய் தீர்க்கும் என்ற வாசகத்தைச் சான்றில்லாமல் எந்தப் பொருளிலும் எழுதுவதில்லை என்று முடிவு செய்ய வேண்டும். அந்தத் தாளில் முதல் கையெழுத்து எங்களுடையது. மூன்று, ஞாயிறு மதரசாவில் பிள்ளைகள் கேட்கும் எந்தக் கேள்வியையும் வாயடைக்காமல் கேட்க வேண்டும். அங்கே பதில் கிடைக்காத பிள்ளை வேறெங்கோ போய்க் கேட்கும்.

அத்தா இன்று இந்த மண்டபத்துக்கு வந்திருக்கிறார்கள். இதையெல்லாம் மேடையில் சொல்லலாமா என்று அவர்களிடம் அனுமதி கேட்டோம். “சொல்லுங்க, இன்னொருத்தர் கால் தப்பிக்கட்டும்” என்றார்கள். அந்தப் பித்தளைக் குவளை அலமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது. இப்போது அம்மா ஓதிக் கொடுக்கிறார்கள், அத்தா அதில் மாத்திரை போடுகிறார்கள். நாங்கள் பக்கத்தில் நின்று மாத்திரையை மட்டும் எண்ணிப் பார்க்கிறோம். தண்ணீரைச் சோதிப்பதில்லை.

ஐம்பது ஆண்டு கண்ட இந்தச் சங்கம் இன்னும் பல தலைமுறைக்குத் தொண்டாற்றவும், பயனுள்ள கல்வியையும் உறுதியான ஈமானையும் நம் பிள்ளைகளுக்கு ஒருசேரத் தரவும், நாம் சொன்ன தவறான சொற்களை மன்னிக்கவும் வல்ல அல்லாஹ்விடம் துஆ செய்து அமர்கிறோம். ஆமீன்.